மறுபடியும் படித்த நான்கு நாவல்கள்

இந்தக் கோடையில் புதிய புத்தகம் எதுவும் வாங்குவதில்லை என்று தீர்மானித்தேன். அலமாரியில் ஏற்கனவே இருப்பவற்றில் நான்கு நாவல்களை எடுத்துக் கட்டில் பக்கத்தில் அடுக்கி வைத்துக்கொண்டேன். யாரும் கட்டுரை கேட்கவில்லை, கூட்டத்தில் பேசக் கூப்பிடவில்லை. வெறும் சந்தோஷத்துக்காகப் படிப்பது. வெளியே தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. மத்தியான வெயிலில் தெருவில் ஈ காக்கை கிடையாது. மின்சாரம் தன் இஷ்டப்படி வந்து போயிற்று. நாவல் படிக்க இதைவிட நல்ல பருவம் இல்லை.

ஒரு நாவலை முதல் தடவை படிக்கும்போது கதை நம்மை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அடுத்து என்ன, அப்புறம் என்ன என்பதிலேயே பக்கங்கள் புரண்டுவிடுகின்றன. முடிவு தெரிந்த பிறகுதான் சாவகாசமாக நின்று பார்க்க முடிகிறது. ஊருக்குப் புதிதாக வருகிறவன் பஸ் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். தினமும் அதே பஸ்ஸில் போகிறவனுக்குத்தான் எந்தத் திருப்பத்தில் புளியமரம் இருக்கிறது, எந்த வீட்டுத் திண்ணையில் கிழவர் உட்கார்ந்திருப்பார் என்பதெல்லாம் தெரியும். மறுவாசிப்பின் ருசி இவ்வளவுதான்.

ஆனால் எந்த ஊரில் உட்கார்ந்து படிக்கிறோம் என்பதும் புத்தகத்தைக் கொஞ்சம் மாற்றிவிடுகிறது. பாலசமுத்திரம் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. மாநிலம் ஆந்திரப் பிரதேசம். பள்ளிப்பட்டுக்குப் போனால் தமிழ்நாடு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதன் பெரும் பகுதி வட ஆற்காட்டிலிருந்து பிரித்து எடுக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. படாஸ்கர் சிபாரிசின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. சில ஊர்கள் இந்தப் பக்கம் வந்தன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. மனிதர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். கோடுகள்தாம் நடந்துகொண்டிருந்தன.

எங்களைப் போன்ற குடும்பங்களில் வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு. சண்டை எதில் ஆரம்பித்தாலும், சமாதானம் இரண்டிலும் கலந்து முடியும். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து படித்ததாலோ என்னவோ, தனித்தனியாகப் பிடித்திருந்த இந்த நான்கு நாவல்களும் இந்த முறை ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டன.

முதலில் 'பொன்னியின் செல்வன்'. தமிழில் மறுபடி மறுபடி படிக்கப்படும் நாவல் எது என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் இதைத்தான் சொல்வார்கள். 1950 முதல் 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் வாரா வாரம் வந்த கதை. என்னிடம் இருப்பது பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த பழைய பிரதி. ஒரு பக்கம் மணியத்தின் படத்தில் குதிரை பாய்ந்துகொண்டிருக்கும். மறு பக்கம் வேறு ஏதோ சிறுகதையின் வால், பாதியில் அறுந்துபோன ஒரு துணுக்கு. அந்தச் சிறுகதை எப்படி ஆரம்பித்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதன் முடிவு மட்டும் மனப்பாடம்.

மணிரத்னத்தின் படங்கள் 2022லும் 2023லும் வந்த பிறகு புத்தகத்தின் பக்கமே வராதவர்களுக்கும் கதை தெரிந்துவிட்டது. தெரிந்தால் என்ன? ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதைத் தெரிந்துகொள்ள யாரும் இதை இரண்டாம் தடவை எடுப்பதில்லை. கல்கி அதைத் தெளிவாகச் சொல்லிவிடவும் இல்லை. ஐந்து பாகங்கள் படித்த பிறகும் ஆளுக்கு ஒரு சந்தேகம் வைத்திருக்கலாம். எங்கள் குடும்பத்தில் இந்த விவகாரத்தில் இரண்டு கட்சி உண்டு. கல்யாண வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது விவாதம் தொடரும்.

இந்தத் தடவை என் கண்ணில் நின்றது வந்தியத்தேவன். கல்கி அவனை வாணர் குலத்து வாலிபன் என்கிறார். முன்னோர் ஆண்ட நாடு கைவிட்டுப் போய், ஒரு குதிரையும் வாளும் துடுக்கான நாக்குமாகச் சோழ நாட்டுக்குள் வருகிறவன். வாணர்களின் திருவல்லம், சித்தூர் மாவட்டத்திலிருந்து இறங்கி வருகிற பொன்னை ஆற்றின் கரையில் இருக்கிறது. அதாவது பையன் எங்கள் பக்கத்துக்காரன். வீரநாராயண ஏரிக் கரையில் ஆடிப்பெருக்குக் கூட்டத்தை அவன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற முதல் அத்தியாயத்தை மறுபடி படித்தபோது காரணம் புரிந்தது. காவிரி நாட்டை அதற்குள்ளேயே பிறந்தவன் அப்படிப் பார்க்க மாட்டான். வறண்ட மேட்டு நிலத்திலிருந்து வந்தவனுக்குத்தான் தண்ணீர் அத்தனை பெரிய அதிசயம். கல்கி சோழ நாட்டின் அழகைக் காட்டுவதற்குச் சோழ நாட்டானை அனுப்பவில்லை, வெளியூர்க்காரனை அனுப்பினார். அங்கேதான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது. மூன்றரை வருஷம் வாசகர்களை அவன் குதிரைக்குப் பின்னால் ஓடவைத்ததும் அதுதான்.

வெளியூர்க்காரனின் கண் என்ற இந்த விஷயம் மனதில் இருந்ததால் அடுத்து கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தை எடுத்தேன். 1976இல் வந்த நாவல். இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்க'ளுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. பலரும் தொடர்ச்சியைச் சொல்வார்கள். என் ஓட்டு முதல் புத்தகத்துக்குத்தான்.

ஆரம்பமே அதிர்ச்சி. தனியாக நடந்து வருகிற ஒரு பெண் தாகத்துக்காக நீரில் இறங்குகிறாள். நகைக்கு ஆசைப்பட்டவன் அவளைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்கிறான். சாகிற நேரத்தில் அவன் கால் பெருவிரலைப் பற்களால் கவ்விக்கொள்கிறாள் அவள்; உயிர் போன பிறகும் விடவில்லை. இன்னொருவராக இருந்தால் இதையே முந்நூறு பக்கத்துக்கு மர்மக் கதையாக நீட்டியிருப்பார். கி.ரா. இதை வாசல் கதவாக வைத்துவிட்டு நம்மைக் கோட்டையார் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிறார். அங்கே நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறாள். தெலுங்கு தேசத்திலிருந்து அந்த ஜனங்கள் எப்படிப் புறப்பட்டார்கள் என்ற கதை அவள் வாயிலிருந்து வருகிறது. சென்னாதேவி என்ற பெண்ணின் அழகு ராஜாவின் காதுக்கு எட்டியதால், மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ராத்திரியோடு ராத்திரியாக ஓடி வந்த கூட்டம் அது. காடும் ஆறும் தாண்டி, சாவுகளை வழியில் விட்டுவிட்டு, கடைசியில் கரிசல் காட்டில் தீ வைத்து நிலம் திருத்திக் குடியேறுகிறார்கள்.

சென்னையிலோ மதுரையிலோ இருந்து படிக்கும்போது இது எங்கிருந்தோ வந்தவர்களின் கதை. எல்லையில் இருந்து படிக்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. அவர்கள் தெற்கே நடந்தார்கள். நாங்கள் நடக்கவே இல்லை. ஆனால் நிலைமை ஒன்றேதான். சுற்றிலும் ஒரு மொழி, அடுப்பங்கரையில் இன்னொரு மொழி. கி.ரா.வின் வீட்டு மொழி தெலுங்கு. அவர் எழுதியது தமிழ், அதுவும் கரிசல் காட்டு மண்ணோடு பிடுங்கிய தமிழ். 2021 மே மாதம் புதுச்சேரியில் அவர் காலமானபோது தமிழ்நாடு அரசு மரியாதையோடு வழியனுப்பியது. தெலுங்கு பேசுகிற வீட்டில் பிறந்தவரை யாருடைய எழுத்தாளர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லாதபடி அவர் எழுதிவிட்டுப் போயிருந்தார்.

இந்த நாவலை எங்கள் வீட்டில் நான் தனியாகப் படிக்க முடியவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த பேத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் இங்கிலீஷும் தெலுங்கும். தமிழ் நன்றாகப் பேசுவாள், சண்டை போடுவாள், சினிமா வசனம் சொல்வாள். ஆனால் எழுத்து தெரியாது. புத்தகத்தின் அட்டையைப் படம் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பாள். அதனால் உரக்கப் படித்தேன்.

"தாத்தா, மங்கத்தாயாருன்னா தெலுங்குப் பேராச்சே. தமிழ்ப் புஸ்தகத்துல எப்படி வந்தாங்க?" என்று கேட்டாள்.

"நீ தெலுங்கு ஸ்கூல்ல எப்படிப் போய் உட்கார்ந்தியோ, அப்படித்தான்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு, "சரி, அப்புறம் என்னாச்சு? ஆத்தத் தாண்டினாங்களா?" என்றாள். ஆறு தாண்ட மரம் வளைந்து கொடுக்கிற இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். மறுநாள் மத்தியானம் நான் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தாள். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி வாயால் சொன்ன கதை, அந்த மொழியின் எழுத்து தெரியாத ஒரு சிறுமிக்குக் காது வழியாகவே போய்ச் சேர்ந்தது. கி.ரா.வுக்கு இது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. 1977இல் வெளிவந்தது. கோபல்ல கிராமம் தமிழ் மண்ணில் தெலுங்குக்காரர்களின் கதை என்றால், இது தெலுங்கு மண்ணில் தமிழ்க் குடும்பத்தின் கதை. இடம் செகந்திராபாத், காலம் 1947-48. நிஜாம் சமஸ்தானம் இந்தியாவோடு சேருவதா வேண்டாமா என்று இழுபறி நடந்துகொண்டிருக்கிறது. ரஜாக்கர்கள் ஊர்வலம் போகிறார்கள். சந்திரசேகரன் என்ற தமிழ்ப் பையனுக்கு கிரிக்கெட் ஆட வேண்டும், காலேஜுக்குப் போக வேண்டும், வீட்டில் அப்பாவின் கோபத்திலிருந்து தப்ப வேண்டும். சரித்திரம் அவன் சைக்கிளுக்குக் குறுக்கே வந்து விழுகிறது.

அசோகமித்திரன் 1931இல் செகந்திராபாத்தில் பிறந்தவர். இருபது வயதைத் தாண்டிய பிறகு சென்னைக்கு வந்தார். தான் பார்த்ததை எழுதும்போது மனிதர் ஒரு இடத்தில்கூடக் குரலை உயர்த்துவதில்லை. இளம் வயதில் படித்தபோது இந்த நிதானம் எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது; ராணுவ டாங்கிகள் வரும் என்று எதிர்பார்க்கிற வயது அது. இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் பார்ப்பது, ஒரு பையன் ஒரு நாளில் எத்தனை மொழிகளைத் தாண்டிப் போகிறான் என்பதைத்தான். வீட்டில் தமிழ், மைதானத்தில் உருது, தெருவில் தெலுங்கு, வகுப்பில் இங்கிலீஷ். நேற்றுவரை கூட விளையாடியவன் இன்று வேறு மதத்தவனாக மட்டும் தெரிகிறான். எந்தக் கூட்டத்திலும் இவனுக்கு முழு இடம் கிடையாது. எந்தப் பக்கமும் சேராமல் இருக்கவும் விட மாட்டார்கள்.

1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வந்து, 17ஆம் தேதியோடு எல்லாம் முடிந்தது என்று சரித்திரப் புத்தகம் சொல்லும். நாவலில் எதுவும் முடிவதில்லை. கடைசிப் பக்கங்களில் சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய் நிற்கிறான். ஓடி ஒளிய வந்தவன் அவன். ஆனால் அந்த வீட்டாருக்கு அவன் தாக்க வந்தவன். குடும்பத்தைக் காப்பாற்ற அந்தப் பெண் செய்யத் துணியும் காரியமும், அதைப் பார்த்த கணத்தில் அவனுக்கு உண்டாகும் அவமானமும் மூன்று பக்கம்கூட வராது. இந்தப் பகுதியைப் பேத்திக்கு நான் படித்துக் காட்டவில்லை. இன்னும் சில வருஷம் போகட்டும். தன்னைப் பார்த்து இன்னொருவர் நடுங்கும்போதுதான் ஒருவனுக்குத் தான் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பது தெரிகிறது. இதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன தமிழ் நாவல் இன்னொன்று நினைவுக்கு வரவில்லை. எல்லைப் பக்கத்தில் வாழ்கிற எவரும் வருஷத்துக்கு ஒரு தடவை படிக்க வேண்டிய பக்கங்கள் இவை.

நான்காவது நாவல் தெலுங்கு. டாக்டர் கேசவ ரெட்டியின் 'அதடு அடவினி ஜயிஞ்சாடு'. 1980களில் வந்தது. தமிழில் ஏ.ஜி. எத்திராஜுலு மொழிபெயர்த்து 'அவன் காட்டை வென்றான்' என்ற பெயரில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. கேசவ ரெட்டி 1946இல் இதே சித்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்து, நிஜாமாபாத் பக்கத்தில் டிச்பள்ளியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில் நெடுங்காலம் வேலை பார்த்தார். 2015இல் காலமானார். எழுதும்போது மட்டும் சொந்த மாவட்டத்துக்கே திரும்பி வந்துகொண்டிருந்தார்.

கதை ஒரு சாயங்காலம் ஆரம்பித்து விடிவதற்குள் நடந்து முடிகிறது. பன்றி மேய்க்கும் ஒரு கிழவன். அவனுக்குப் பெயர்கூடக் கிடையாது. சினைப்பன்றி ஒன்று மேய்ச்சலிலிருந்து திரும்பவில்லை. ஈட்டியை எடுத்துக்கொண்டு இருட்டில் காட்டுக்குள் போகிறான். பன்றி ஒரு புதரில் குட்டி போட்டிருக்கிறது. சுற்றிலும் நரிகள். கிழவன் பன்றியையும் குட்டிகளையும் காப்பாற்ற வந்திருக்கிறான். ஆனால் குட்டி போட்ட பன்றிக்கு அவனும் ஒரு விரோதிதான். நரியையும் அவனையும் அது ஒரே மாதிரி எதிர்க்கிறது. இவ்வளவுதான் கதை. முடிவைச் சொல்லப் போவதில்லை. தலைப்பில் இருக்கிற வெற்றியை மட்டும் முழுசாக நம்பிவிடாதீர்கள்.

படித்தவர்கள் உடனே ஹெமிங்வேயின் கிழவனையும் கடலையும் சொல்வார்கள். சாயல் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கிழவனுக்கு மீன் வெளியிலிருந்து வந்த எதிரி, மரியாதைக்குரிய எதிரி. இந்தக் கிழவனுக்குப் பன்றி சொந்தம். தன் கையால் வளர்த்தது, தன் குரல் கேட்டு ஓடி வந்தது. அது ஒரே ராத்திரியில் அவனை அடையாளம் தெரியாமல் எதிர்த்து நிற்கிறது. நம்முடையது என்று நினைத்திருந்த ஒன்று அதன் போக்கில் வேறாக மாறி நம் எதிரில் நிற்பதைவிடப் பெரிய கஷ்டம் மனிதனுக்கு ஏது? பிள்ளைகளை வளர்த்தவர்கள் எல்லாருக்கும் இந்தக் காடு தெரியும்.

கேசவ ரெட்டியை நான் தெலுங்கிலும் படித்தேன், தமிழிலும் படித்தேன். எங்கள் சித்தூர்த் தெலுங்கில் தமிழ் தாராளமாகக் கலந்திருக்கும். குண்டூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். ஆகவே மொழிபெயர்ப்பைப் படிக்கும்போது சில இடங்களில் ஒரு வேடிக்கையான உணர்வு: வீட்டை விட்டுப் போன சாமான் திரும்பி வந்த மாதிரி. ஆனால் அந்தச் சாமான் வந்த வழியைப் பாருங்கள். சித்தூரிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். சித்தூர்க்காரர் எழுதிய நாவல் வேலூர் வாசகருக்குக் கிடைக்க, அது டில்லியில் இருக்கிற ஒரு நிறுவனத்தின் வழியாக வர வேண்டியிருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்டும் சாகித்திய அகாதெமியும் இந்த வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களின் நாவல்கள் நமக்கு ரஷ்ய நாவல்களைவிட தூரமாக இருந்திருக்கும். பல மொழிகள் விஷயத்தில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

இதே வேலையைத் தனி ஆளாகச் செய்தவர்களும் உண்டு. சென்னையில் வாழ்ந்த தெலுங்கு எழுத்தாளர் மாலதி சந்தூர், 'ஸ்வாதி' மாதப் பத்திரிகையில் 'பாத கெரடாலு' என்ற பகுதியில் உலக நாவல்களைப் பல வருஷம் தெலுங்கு வாசகர்களுக்கு அறிமுகம் செய்தார். 2013இல் அவர் காலமானார். எங்கள் தெருவில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு தெலுங்குக்கார அக்கா, அந்தப் பக்கங்களின் தயவால் இங்கிலாந்து நாவல்களின் கதாநாயகிகளைப் பற்றிச் சொந்த நாத்தனாரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார். தான் படித்ததை இன்னொருவருக்குச் சொல்லத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும். புத்தகம் எங்கிருந்தாலும் வந்து சேர்ந்துவிடும்.

இப்போது, நான்கு நாவல்களும் சேர்ந்து எனக்குள் கிளப்பிவிட்ட ஒரு கவலையைச் சொல்ல வேண்டும். என் அலமாரியில் இருக்கிற புத்தகங்களை எனக்குப் பிறகு யார் மறுபடி படிக்கப் போகிறார்கள்? எங்கள் வீட்டில் என் தலைமுறைக்குத் தமிழ் எழுத்து தெரியும். என் பிள்ளைகள் சினிமா போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படிப்பார்கள். பேத்திக்கு அதுவும் இல்லை. யாரும் யாரையும் தடுக்கவில்லை. வேலை எங்கே கிடைக்குமோ, காலேஜில் எந்த மொழி உதவுமோ, அங்கே பிள்ளைகளை அனுப்புகிறோம். பெங்களூரிலும் மும்பையிலும் டில்லியிலும் இருக்கிற தமிழ் வீடுகளில் இதே கதைதான் என்பதை இந்தப் பக்கத்தை வாசிக்கிற பலரும் அறிவார்கள். பேச்சு தங்குகிறது, எழுத்து நழுவுகிறது. பிறகு ஒரு நாள் பேச்சும் அடுப்பங்கரைக்குள் சுருங்கிவிடுகிறது.

இதற்குப் புலம்பல் எழுதுவது சுலபம். ஆனால் 'கோபல்ல கிராம'த்தை மறுபடி படித்தவனுக்குப் புலம்ப அவ்வளவு உரிமை இல்லை. கரிசல் காட்டுத் தெலுங்கு வீடுகளில் நடந்ததும் இதேதானே? பேச்சு தெலுங்கு. பள்ளிக்கூடத்தில் கற்றது தமிழ் எழுத்து. அந்த வீடுகளிலும் எத்தனையோ தாத்தாக்கள் தங்கள் மொழி போயிற்று என்று கவலைப்பட்டிருப்பார்கள். அந்த வீடுகள் ஒன்றில் பிறந்த பையன்தான் பாட்டிகள் தெலுங்கில் சொன்னதையெல்லாம் காதில் வாங்கி வைத்திருந்து, பிற்பாடு தமிழில் எழுதினான். தமிழுக்கு அதுவரை இல்லாத ஒரு ருசி அதனால் கிடைத்தது. தெலுங்கு தோற்றது, தமிழ் ஜெயித்தது என்று அதற்குக் கணக்கு எழுத முடியுமா?

அதே காரியம் இந்தப் பக்கமும் நடக்கலாம். பாலசமுத்திரத்திலோ நகரியிலோ குப்பத்திலோ ஏதோ ஒரு தமிழ் வீட்டில் வளர்கிற பெண், பாட்டி தமிழில் சொன்ன கதைகளைத் தெலுங்கில் ஒரு நாவலாக எழுதக்கூடும். அதைப் பிறகு யாராவது தமிழில் மொழிபெயர்ப்பார்கள். எங்கள் வீட்டுச் சாமான் மறுபடி ஒரு முறை சுற்றி வந்து சேரும். அது நடக்க ஒரே ஒரு நிபந்தனைதான். அவள் காதில் அந்தக் கதைகள் விழுந்திருக்க வேண்டும். எழுத்தைப் பள்ளிக்கூடம் கொடுக்கும், எந்த மொழியாக இருந்தாலும். காதுக்கு வேண்டியதை வீடுதான் கொடுக்க வேண்டும். அதற்கு மங்கத்தாயாரு போல யாராவது ஒருவர் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தயாராக இருக்க வேண்டும். பேசக் கதை இல்லாவிட்டால் புத்தகத்தைப் பிரித்து உரக்கப் படிக்கலாம்.

ஆகவே இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு மிகவும் பிடித்த தமிழ் நாவலை இந்த வருஷம் ஒரு தடவை மறுபடி படியுங்கள். வாய் விட்டுப் படியுங்கள். தினம் ஒரு அத்தியாயம் போதும், அரை மணி நேரம் ஆகும். எழுத்து தெரியாத பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் படியுங்கள். கேள் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். கதை நன்றாக இருந்தால் அவர்களே வந்து உட்காருவார்கள். ஆற்றைத் தாண்டினார்களா இல்லையா என்று தெரியாமல் எந்தக் குழந்தையும் எழுந்து போனதில்லை.

எங்கள் வீட்டில் 'கோபல்ல கிராமம்' முடிந்துவிட்டது. அடுத்து 'பொன்னியின் செல்வன்' உரக்கப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். ஐந்து பாகம். விடுமுறை முடிவதற்குள் முடியாது என்று பேத்திக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தசரா விடுமுறைக்கு வருகிறேன் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.